அங்கம்மா பெரியம்மாவின் கால் மெட்டி

முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற தங்கச்சிமார்களே, தம்பிமார்களே, "என்ன வேலை பார்க்கிறே?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "வயசானவங்களுக்குக் கால் பார்க்கிறேன்" என்று சொல்ல உங்களில் சிலருக்குக் கூச்சமாக இருக்கிறதாம். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. என் மாமியார், "கை பார்த்து ஜோசியம் சொல்றவங்களைக் கண்டிருக்கேன். கால் பார்த்து என்னடி சொல்லப் போறே?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டு போய்விட்டேன். பல வருஷம் கழித்து அவருடைய காலை நான்தான் பார்த்தேன். அப்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நான் அதிகம் படித்தவள் இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் போனேன். மருந்து, மாத்திரை, சர்க்கரை வியாதி இதெல்லாம் உங்களுக்குப் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். அதில் நான் வாய் வைக்கப் போவதில்லை. அவசரமான நேரத்தில், வயசானவர் ஒருவர் "மாட்டேன்" என்று சொல்லும்போது என்ன செய்வது என்று ஒரு சங்கதி மட்டும் சொல்கிறேன். முருகன் புண்ணியத்தில் எனக்கு அது வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கிடைத்தது.

ஜப்பான்காரன் சண்டை போட்டு இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த காலம். என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் வேலை போய்விட்டது. டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். கொல்லையில் மரவள்ளிக்கிழங்கு போட்டிருந்தோம். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்குக் கிழங்கு வேண்டாம் என்று பிள்ளைகள் அழுதால் கிழங்கு மாவில் அடை. ஜெலுத்தோங் போகிற வழியில் வயசானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று இருந்தது. அங்கே ஆயா வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். ஒரு வேளைச் சாப்பாடு உண்டு என்றதும் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

இரண்டு பெரிய கொட்டகை. ஒன்று பெண்களுக்கு, ஒன்று ஆண்களுக்கு. நடுவில் முன்னே பூந்தோட்டமாக இருந்த இடம் முழுக்கக் கிழங்குச் செடி. புருஷன் பெண்சாதியாக வந்தாலும் ஆளுக்கு ஒரு பக்கம்தான் படுக்கை. வைத்தியத்துக்கு டிரெஸர் ஐயா ஒருவர் இருந்தார். டாக்டருக்குக் கீழே புண் கட்டுகிறவரை எங்கள் காலத்தில் டிரெஸர் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். மெதுவாகப் பேசுவார். ஒரு விரலைப் பார்க்கிறதென்றால் அந்த விரலை மட்டும் உலகத்தில் கடவுள் படைத்த மாதிரி பார்ப்பார். அவரிடம் அப்போது இருந்ததெல்லாம் உப்பு, சுடுதண்ணீர், கிழிந்த வேட்டியை வேகவைத்துக் காயப்போட்ட துணி, கொஞ்சம் ஊதா மருந்து. அவ்வளவுதான்.

அரிசி இல்லாமல் கிழங்கையே தின்றதால் பல பேருக்குக் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் மாவில் அமுக்கின மாதிரி குழி அப்படியே நிற்கும். தினமும் காலையில் ஒவ்வொருவர் காலையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பார்ப்பது என் வேலை. கோவிலில் சாமி பாதத்தைக் கும்பிடுகிறோம். இங்கே அதே பாதத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம் என்று நினைத்துக்கொள்வேன். "முருகா" என்று சொல்லித்தான் தொடுவேன். அப்படிச் சொன்னால் நாற்றம் தெரியாது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

பெண்கள் பக்கத்தில் அங்கம்மா பெரியம்மா என்று ஒருவர். ஆள் ஒல்லி, குரல் கனம். அவருடைய வீட்டுக்காரர் வீரய்யா பெரியப்பா எதிர்க் கொட்டகையில். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். பிள்ளைகுட்டி இல்லை. டவுனில் குடியிருந்த வீடு குண்டில் போனபிறகு இரண்டு பேரும் இங்கே வந்துவிட்டார்கள். வந்த நாளிலிருந்து பெரியம்மா பெரியப்பாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

காரணத்தைக் கேட்டால் பெரியம்மா கொட்டகை முழுக்கக் கேட்கச் சொல்வார்.

"குண்டு விழுது, எல்லாரும் ஓடுறாங்க. நான் அடுப்படியில இருக்கேன். அந்த ஆளு உள்ள ஓடி வந்தாரு. என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வர்றாருன்னு எந்திரிச்சேன். சுவத்துல மாட்டியிருந்த கொடையை எடுத்துக்கிட்டு ஓடிட்டாரு! கொடையை!"

நான் எதிர்ப்பக்கம் போய்ப் பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "வானத்துல இருந்து விழுதுன்னாங்க. கொடையை எடுத்தேன். புத்தி அப்படிப் போச்சு. தெருமுனைக்குப் போனதும் ஞாபகம் வந்து திரும்பி ஓடியாந்தேன். அதை மட்டும் அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா" என்றார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று எங்கள் இல்லத்தில் பெரிய வழக்கே நடந்தது. பெண்கள் எல்லாரும் பெரியம்மா கட்சி. ஆண்கள் பேசவே பயந்தார்கள்.

ஒருநாள் பெரியம்மா கிணற்றடிக்கு நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். இடது காலைக் குதிகாலில் மட்டும் ஊன்றி நடந்தார். கொஞ்ச நாளாகவே காலை நீட்டச் சொன்னால் வலது காலைத்தான் நீட்டுவார். "அந்தக் காலை நேத்தே பார்த்தியே, மறந்துட்டியா? சின்ன வயசுலயே இவ்வளவு மறதியா?" என்று என்னையே குழப்புவார். அன்றைக்கு நான் விடவில்லை. கீழே உட்கார்ந்து புடவைக் கரையை விலக்கினேன்.

பாதம் வீங்கியிருந்தது. இரண்டாவது விரலில் போட்டிருந்த வெள்ளி மெட்டி சதைக்குள் புதைந்து, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பளபளத்தது. மெட்டியிலிருந்து நுனி வரைக்கும் விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மெட்டிக்கு அடியில் நீர் கசிந்தது.

"வலிக்கலையா பெரியம்மா?"

"வலிச்சா சொல்ல மாட்டேனா?" என்றார். ஆனால் என் மூச்சுக்காற்று விரலில் பட்டதற்கே அவர் கண் சுருங்கியது. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். வயசானவர்களிடம் வலிக்கிறதா என்று கேட்டால் வாய் ஒன்று சொல்லும். நீங்கள் முகத்தைப் பாருங்கள்.

டிரெஸர் ஐயா வந்து பார்த்தார். விரல் நுனியை அமுக்கிவிட்டு ரத்தம் திரும்புகிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"பிள்ளை, விரல் இன்னும் சாகேல்லை. ஆனால் மெட்டியை இன்றைக்கே எடுக்கவேணும். விட்டால் விரல் போகும். இந்தக் காலத்தில விரலோட நிக்காது. புண் ஏறினால் காலை எடுக்கச் சொல்லுவினம். மயக்க மருந்துக்கு எங்கே போறது?"

செம்பனை எண்ணெய் போட்டுப் பார்த்தோம். விரலில் நூலைச் சுற்றி நழுவ வைத்துப் பார்த்தோம். அசையவில்லை. கடைசியில் அவர் பெட்டியிலிருந்து ஒரு சின்ன வெட்டுக் குறட்டை எடுத்தார். அதைக் கண்டதுதான் தாமதம், பெரியம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வெட்டுறதா? நான் என்ன தாலியறுத்தவளா? மெட்டியிலே கை வச்சா இந்தக் கிணத்துல விழுந்துருவேன்!"

"பெரியம்மா, நீங்கதான் அவரோட பேசுறதே இல்லையே" என்றேன்.

"அந்த ஆளு வேற, மெட்டி வேற. பேசாம இருக்கிறது என் இஷ்டம். மெட்டி இல்லாம இருந்தா புருஷன் இல்லைன்னு அர்த்தம். உனக்குக் கல்யாணம் ஆயிருக்கா இல்லையா?"

குனிந்து பார்த்தேன். என் காலிலும்தான் மெட்டி இருந்தது.

நாலு பேரைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டு வெட்டிவிடலாம் என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சொன்னார்கள். டிரெஸர் ஐயா தலையாட்டவில்லை. "பிடிக்கலாம். அவ உதைச்சால் குறடு சதைக்குள்ள போகும். கிழவிக்கு நெஞ்சும் பலவீனம்" என்றார். சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம், அதற்குள் சம்மதிக்காவிட்டால் பிடித்துத்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டு, குறட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடப் போனார்.

நான் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினேன். முருகன் பேரைச் சொன்னேன். அழுதும் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் எரிச்சலோடு, "போட்டவரு வந்து கழட்டட்டும். அந்த ஆளுக்கு அதுக்குத் தைரியம் இருந்தா வரச் சொல்லு!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் வரமாட்டார் என்ற நம்பிக்கையில் வீசிய வார்த்தை அது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நேரமும் "மாட்டேன், மாட்டேன்" என்று சொன்ன வாயிலிருந்து முதல் தடவையாகக் "கழட்டட்டும்" என்று வந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கிழங்குச் செடிகளுக்கு நடுவே ஓடினேன்.

வீரய்யா பெரியப்பா ஒரு பலகையில் உட்கார்ந்து கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வரமாட்டேன்" என்றார்.

"ஏன் பெரியப்பா? உங்களைக் கூப்பிட்டாங்க."

"எதுக்குக் கூப்பிடுறான்னு தெரியும். என் கையாலேயே கழட்ட வச்சா, எல்லாம் தீர்ந்து போச்சுன்னு ஆயிரும். ஊர் முன்னாடி அத்துவிடப் பார்க்கிறா. பேசாம இருக்கட்டும், திட்டட்டும், மெட்டியாவது அவ கால்ல இருக்குன்னு நான் இருக்கேன்."

சீவின கிழங்கையே மறுபடியும் சீவினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு பேரும் ஒரே வெள்ளி வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆளுக்கு ஒரு கொட்டகையில் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

"பெரியப்பா, அத்துவிடணும்னா கால் நல்லா இருந்தப்பவே கழட்டி உங்க மேல எறிஞ்சிருப்பாங்க. விரல் நீலமாப் போயும் விடமாட்டேங்கிறாங்க. கால் போனாலும் போகட்டும், மெட்டி இருக்கட்டும்னு உட்கார்ந்திருக்காங்க."

"நீலமாவா?"

"ஆமா."

"எந்தக் காலு?"

"இடது."

கத்தியைக் கீழே வைத்தார். வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கிணற்றடிக்குப் போய்க் குளிக்க ஆரம்பித்துவிட்டார்! "பெரியப்பா, நேரமாச்சு!" என்று கத்துகிறேன். "இரும்மா. மெட்டி போட்ட அன்னிக்குக் குளிச்சிட்டுத்தான் போட்டேன்" என்கிறார். பக்கத்துக் கட்டில்காரரிடம் வேட்டி இரவல் வாங்கி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் ஆண்கள் கொட்டகையே ஊர்வலமாக வந்தது.

பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். சும்மா விடுவாரா? என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்த ஆளுகிட்டச் சொல்லு. அம்மி மேல என் காலை வச்சுத்தான் போட்டாரு. அம்மி மேல வச்சுத்தான் கழட்டணும். சும்மா என் கால் அந்த ஆளு மேல பட்டா எனக்குப் பாவம்."

நம் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் காலைத் தூக்கி அம்மியில் வைத்து மெட்டி போடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். புருஷன் பெண்சாதி காலைத் தொட அன்றைக்கு மட்டும் தடையில்லை. டிரெஸர் ஐயாவை நான் பயத்தோடு பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "அம்மி எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அம்மி சமையற்கட்டில் இருந்தது. சமையல் ரோசக்கா ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிற மனுஷி. நாங்கள் பெரியம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நுழைந்ததும் கரண்டியை ஓங்கிவிட்டார்.

"அது நான் மசாலா அரைக்கிற அம்மி லா! அதுல புண்ணுக் காலை வைக்கவா? நாளைக்கு எதுல அரைப்பேன்?"

"மசாலா எங்கே அக்கா இருக்கு? இருக்கிற உப்பும் கால் கழுவவே போயிருது" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். ரோசக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு, "சரி, வைங்க. கர்த்தர் மன்னிப்பாரு" என்றார். டிரெஸர் ஐயா மேலே ஒரு வாழையிலை போடச் சொன்னார்.

"இலையிலே வைக்க நான் என்ன பலகாரமா? கல்லு படணும்" என்றார் பெரியம்மா.

வீரய்யா பெரியப்பா குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்த வீங்கின காலை எடுத்து அம்மிமேல் வைத்தார். யாரோ ஒருவர் கும்பிடக்கூடச் செய்தார். அடுத்த நிமிஷம் பெரியம்மா போட்ட அலறலில் கூரைமேல் இருந்த காக்கா பறந்துவிட்டது.

அன்றைக்குக் காலையில் ரோசக்கா அந்த அம்மியில்தான் கொல்லையில் காய்த்த காந்தாரி மிளகாயை அரைத்திருக்கிறார். சோப்பு இல்லாத காலம். கொத்திய அம்மிக் குழியில் இருக்கிற மிளகாய் வெறும் தண்ணீரில் போகுமா? கசிகிற புண்ணில் அது ஏறிவிட்டது. இத்தனை பேர் கூடியிருந்தோம், டிரெஸர் ஐயா, நான், அரைத்த ரோசக்கா உட்பட. சடங்கை யோசித்தோமே தவிர மிளகாயை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

பெரியம்மா பெரியப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ்! எரியுதுய்யா! ஊதுய்யா! பார்த்துக்கிட்டு நிக்கிறியே, ஊதுய்யா!"

பெரியப்பா குனிந்து கன்னம் உப்ப ஊத ஆரம்பித்தார். குண்டு விழுந்த நாளுக்குப் பிறகு பெரியம்மா அவரிடம் பேசிய முதல் வார்த்தை "யோவ்." அவருக்கு அது போதும். கண்ணில் தண்ணீர் வடிய வடிய ஊதினார். அது மிளகாய் நெடியாகவும் இருக்கலாம், நான் விசாரிக்கவில்லை. நான் வெதுவெதுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி ஊற்றிக் கழுவினேன். ரோசக்கா சிலுவை போட்டுக்கொண்டே விசிறினார்.

எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் டிரெஸர் ஐயா பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது காலுக்கு அடியில் அவர் சொன்ன இலையும் இருந்தது, சுத்தமான துணியும் இருந்தது. பெரியம்மா மறுபேச்சுப் பேசவில்லை.

"ஐயா, ஊதினது காணும், நிப்பாட்டுங்கோ. இந்தாங்கோ, இதைப் பிடியுங்கோ" என்று குறட்டின் பிடியைப் பெரியப்பா கையில் கொடுத்து, அந்தக் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார். சதை வெட்டுப்படாமல் இருக்க மெட்டிக்கு அடியில் ஒரு மெல்லிய தகட்டை நுழைத்தார். "கழட்டுறது நீங்கள்தான். நான் கை நடுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுறன். இப்ப அமத்துங்கோ."

டக் என்று ஒரு சத்தம்.

பெரியம்மா கண்ணை மூடியே இருந்தார். "கழண்டுருச்சா?"

"கழண்டுருச்சு பெரியம்மா."

"என் கையில குடுக்காதே. அவருகிட்டேயே இருக்கட்டும்."

"அந்த ஆளு" போய் "அவரு" வந்துவிட்டதை அங்கே இருந்த பெண்கள் எல்லாரும் கவனித்தார்கள். ஒருத்தி என்னை முழங்கையால் இடித்தாள்.

டிரெஸர் ஐயா விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீலம் லேசாகக் கலங்கி, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு எட்டிப்பார்த்தது. "வருது" என்றார் ஐயா. அந்த ஒரு சொல்லை நான் இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை.

வலது கால் மெட்டியும் இறுக ஆரம்பித்திருந்தது. அதையும் அப்போதே எடுத்துவிடலாம் என்று ஐயா சொன்னதும் பெரியம்மா தானாகவே காலை நீட்டினார். பெரியப்பா எண்ணெய் போட்டு நழுவவிட்டே எடுத்துவிட்டார். ரோசக்கா தன் கொல்லையிலிருந்து ஒரு துண்டு மஞ்சளை இழைத்து, கோணியில் உருவின நூலில் தடவிக் கொடுத்தார். பெரியப்பா வெட்டின மெட்டி, முழு மெட்டி இரண்டையும் அந்த நூலில் கோர்த்து, பெரியம்மாவின் தாலிக்கயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். போடும்போது, "அன்னிக்குத் திரும்பி வந்தேன் இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வந்தே, வந்தே. பேசாம முடிச்சைப் போடு" என்றார் பெரியம்மா.

அதற்குப் பிறகு வேலை எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். தினமும் கழுவுவது, கட்டுவது, காலை உயரத் தூக்கி வைப்பது. வீக்கம் வடிய வேண்டும் என்று டிரெஸர் ஐயா எங்கிருந்தோ தவிடு வாங்கி வந்து எல்லாருக்கும் கஞ்சியில் கலந்து கொடுக்கச் சொன்னார். அந்தக் கஞ்சியைக் குடிக்க வைப்பதற்கு நான் பட்ட பாடு தனிக்கதை. நகம் விழுந்துவிட்டது. விரல் நின்றது. வீக்கம் வடிய வடிய, மெட்டியை எப்போது திரும்பப் போடலாம் என்று பெரியப்பா ஐயாவை நச்சரித்துக்கொண்டே இருந்தார். பெரியம்மாதான், "இருக்கட்டும்யா. கால்ல இருந்தப்ப எவளுக்குத் தெரிஞ்சுது? கழுத்துல இருந்தா எல்லாருக்கும் தெரியுது" என்று சொல்லிவிட்டார்.

தங்கச்சிமார்களே, தம்பிமார்களே, ஒருத்தர் முரண்டு பிடித்தால் உடனே பிடிவாதக் கிழவி, பிடிவாதக் கிழவன் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். கத்துகிற கத்தலில் ஏதாவது ஒரு வார்த்தை உங்களுக்கு வழி விடும். காது கொடுத்துக் கேளுங்கள். நேரம் இருக்கிறதா இல்லையா என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். அவர் சொன்ன நேரத்துக்குள் ஓடுங்கள். அவர்கள் காலில், கையில் எது இருந்தாலும், அது மோதிரமோ, மந்திரித்த கயிறோ, பழைய துணிக் கட்டோ, எடுப்பதற்கு முன்னால் அதைப் போட்டது யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம், பக்கத்தில் மிளகாய் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரியம்மா எழுந்து நடந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் நான் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன். "எனக்கென்ன கால் இல்லையா?" என்று தட்டிவிட்டார். எழுந்தார். பாதம் முழுக்க ஊன்றி ஒரு எட்டு வைத்தார், இன்னொரு எட்டு வைத்தார். படியில் இறங்கி, கிழங்குச் செடிகளுக்கு நடுவே நேராக ஆண்கள் கொட்டகைக்கு நடந்தார். நாங்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தோம். ரோசக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிரெஸர் ஐயாகூட மூக்குக் கண்ணாடியைக் கழட்டிவிட்டார். புருஷனிடம் போய் என்ன அன்பாகச் சொல்லப் போகிறாரோ என்று காது கொடுத்து நின்றோம்.

"யோவ், அந்த இரவல் வேட்டியை இன்னும் திருப்பிக் குடுக்கலையாமே? உனக்கு வெக்கமா இல்லை?"

பிறகு மத்தியானம் வரைக்கும் சண்டை. டிரெஸர் ஐயா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நானும் என் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் காலடியில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் போக வேண்டிய இடத்துக்கு அவர்கள் காலிலேயே போக வேண்டும், அதுதான் நம் வேலை. போன இடத்தில் என்ன பேசுகிறார்கள் என்பது அவர்கள் பாடு.